வீட்டில் ஒருவருக்கு மெட்ராஸ் ஐ: கண்ணை எப்படிப் பார்த்துக்கொள்வது, மற்றவர்களுக்குப் பரவாமல் எப்படித் தடுப்பது

கண் சிவந்து, மணல் விழுந்தது போல உறுத்தி, காலையில் இமைகள் ஒட்டிக்கொண்டால் பலரும் உடனே தேடுவது ஒரு சொட்டு மருந்தை. ஆனால் மெட்ராஸ் ஐ பெரும்பாலும் வைரஸால் வருவது. அதிலும் அடினோவைரஸ்தான் அதிகம். அதை ஒழிக்கும் சொட்டு மருந்து மருந்துக் கடையிலும் கிடையாது, சமையலறையிலும் கிடையாது. உடம்பே அதை விரட்டிவிடும். அதற்கு ஒன்றிரண்டு வாரம் ஆகும், சிலருக்கு மூன்று வாரம் வரை இழுக்கும்.

அதுவரை வீட்டில் செய்ய வேண்டியவை இரண்டு. ஒன்று, கண்ணைச் சுத்தமாக வைத்து எரிச்சலைத் தணிப்பது. மற்றொன்று, நோய் அடுத்த கண்ணுக்கும் அடுத்த ஆளுக்கும் போகாமல் மறிப்பது. முதலாவதை எல்லோரும் செய்கிறார்கள். இரண்டாவதில்தான் கோட்டை விடுகிறார்கள்.

முதலில், இது எந்த வகை?

கண்ணின் வெள்ளைப் பகுதியையும் இமையின் உட்புறத்தையும் மூடியிருக்கும் மெல்லிய படலம் வீங்குவதுதான் இந்த நோய். அது வீங்கக் காரணம் வைரஸாக இருக்கலாம், பாக்டீரியாவாக இருக்கலாம், ஒவ்வாமையாகவும் இருக்கலாம்.

வைரஸ் என்றால் பெரும்பாலும் ஒரு கண்ணில் தொடங்கி, சில நாளில் மற்றதுக்கும் போகும். தண்ணீராக வடியும். சளி, தொண்டை வலி கூடவே இருக்கும், அல்லது சற்று முன்னால் வந்து போயிருக்கும். காதுக்கு முன்னால், தாடை எலும்புக்கு மேலே தொட்டுப் பாருங்கள். அங்கே சிறு கட்டி போலத் தட்டுப்பட்டு, அழுத்தினால் வலித்தால் வைரஸாக இருக்கவே வாய்ப்பு அதிகம். வெள்ளைப் பகுதியில் ரத்தம் திட்டாகப் படர்ந்து, பயமுறுத்தும் அளவுக்குச் சிவப்பதும் உண்டு. காக்சாக்கி ஏ24, என்டரோவைரஸ் 70 ஆகிய வைரஸ்களால் வரும் கண்நோயில் இப்படி ஆகும். அது தொற்றி ஓரிரு நாளிலேயே வெளிப்பட்டு, பார்க்கக் கொடூரமாக இருந்தாலும் பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் அடங்கத் தொடங்கும்.

பாக்டீரியா என்றால் மஞ்சள் அல்லது பச்சை நிறத்தில் கெட்டியான பீளை வரும். துடைத்த கொஞ்ச நேரத்தில் மறுபடி சேரும், பகல் முழுவதும் இப்படியே இருக்கும். இங்கேதான் பலர் குழம்புகிறார்கள். வைரஸ் தொற்றிலும் இரவெல்லாம் வடிந்தது காய்ந்து, காலையில் இமைகள் ஒட்டிக்கொள்ளும். ஆகவே, காலையில் ஒட்டியிருந்தது என்பதை மட்டும் வைத்து ஆன்டிபயாடிக் சொட்டு வாங்கிவிடாதீர்கள். மதியம் என்ன வடிகிறது என்பதைப் பாருங்கள். சிறு பிள்ளைகளுக்கு பாக்டீரியா வகை அதிகம் வரும், காது வலியும் சேர்ந்து வந்தால் மருத்துவர் காதையும் பார்க்க வேண்டும்.

ஒவ்வாமை என்றால் அரிப்புதான் தலையான அறிகுறி. இரண்டு கண்ணும் ஒரே நேரத்தில் சிவக்கும், தும்மலும் மூக்கடைப்பும் இருக்கும். வடிவது நூல் நூலாக இழுபடும். இது யாருக்கும் ஒட்டாது. கீழே சொல்லும் தனிமைப்படுத்தல் எதுவும் இதற்குத் தேவையில்லை. குளிர்ந்த ஒத்தடமும், கண்ணைக் கசக்காமல் இருப்பதும், தூங்கும் முன் முகத்தையும் தலைமுடியையும் கழுவித் தூசியைப் போக்குவதும் நல்ல பலன் தரும். கசக்கக் கசக்க அரிப்பைத் தூண்டும் ஹிஸ்டமின் இன்னும் சுரக்கும், அதனால்தான் கசக்கிய பிறகு அரிப்பு கூடுகிறது. இதற்குக் கீட்டோடிஃபென் போன்ற ஒவ்வாமை எதிர்ப்புச் சொட்டுகள் உண்டு. குழந்தைக்கு என்றால் வயதைச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள்.

வீட்டு வைத்தியத்தைத் தொடும் முன்

கீழ்க்கண்டவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலும் இது வீட்டில் பார்க்கும் நோய் அல்ல. அன்றைக்கே கண் மருத்துவரிடம் போங்கள்.

- உறுத்தலைத் தாண்டிய, உள்ளே ஆழமான வலி
- வெளிச்சத்தைப் பார்க்கவே முடியாத கூச்சம்
- இமைகொட்டித் துடைத்த பிறகும் தெளியாத மங்கல் பார்வை
- கான்டாக்ட் லென்ஸ் போடுபவரின் சிவந்த கண்
- கண்ணைச் சுற்றியோ நெற்றியிலோ நீர்க் கொப்புளங்கள்
- துடைத்த சில நிமிடங்களில் மறுபடி வழியும் ஏராளமான சீழ்
- பாவை (கருவிழியின் நடுவில் உள்ள கறுப்பு வட்டம்) ஒரு கண்ணில் பெரிதாகவும் மற்றதில் சிறிதாகவும் இருப்பது
- காய்ச்சலுடன் இமை முழுக்க வீங்கி, கண் முன்தள்ளி, அசைத்தால் வலிப்பது
- ஒரு கண் சிவந்து, தலைவலி, வாந்தி, விளக்கைச் சுற்றி வானவில் வளையம் தெரிவது. இது கண் அழுத்தம் திடீரென ஏறியதன் அடையாளம், மணிக்கணக்கில் தாமதித்தாலே பார்வை போகும்
- கண்ணில் அடிபட்டிருப்பது, ஏதாவது குத்தியிருப்பது

ரசாயனம் தெறித்திருந்தால் மட்டும் கிளம்பும் முன்பே கழுவத் தொடங்க வேண்டும். ஓடும் நீரில், இமையை விரித்துப் பிடித்து, குறைந்தது 15 முதல் 30 நிமிடம் கழுவிய பிறகே புறப்படுங்கள்.

பிறந்து 28 நாளுக்குள் உள்ள சிசுவின் கண் சிவந்து பீளை கட்டினால் ஒரு நாளும் காத்திருக்கக் கூடாது. பிரசவத்தின்போது தாயிடமிருந்து தொற்றும் கொனோரியாக் கிருமி, குழந்தையின் கருவிழியை மிக வேகமாகத் துளைத்துவிடும். ஆனால் கண் வெள்ளையாகவே இருந்து, நீர் மட்டும் வடிந்து ஒட்டிக்கொண்டிருந்தால் அது பெரும்பாலும் கண்ணீர்க் குழாய் அடைப்பு. ஒரு வயதுக்குள் பெரும்பாலும் தானாகத் திறந்துகொள்ளும். எது எது என்று பிரித்துப் பார்ப்பது மருத்துவரின் வேலை, உங்களுடையதல்ல.

கொஞ்சம் பெரிய பிள்ளைக்கு சிவந்த கண்ணோடு கடும் காய்ச்சல், இருமல், உடம்பில் தடிப்பு வந்தால் தட்டம்மையாக இருக்கலாம். காய்ச்சல் ஐந்து நாளாக விடாமல், பீளையே இல்லாமல் கண் சிவந்து, உதடும் நாக்கும் சிவந்திருந்தால் கவாசாகி நோயாக இருக்கலாம், அது இதயத்தைப் பாதிக்கும். இரண்டுக்கும் கண்ணை மட்டும் பார்த்துக்கொண்டிருந்து பயனில்லை, மருத்துவரிடம் போங்கள்.

பீளையைத் துடைக்கும் முறை

தண்ணீரைக் கொதிக்க வைத்து, மூடி, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிடுங்கள். சுத்தமான பஞ்சு அல்லது சலவை செய்த மெல்லிய பருத்தித் துணித் துண்டுகளை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சோப்பு போட்டு 20 விநாடி கை கழுவுங்கள்.

நனைத்த பஞ்சை மூடிய இமைமேல் இரண்டு மூன்று நிமிடம் வைத்து ஊறவிடுங்கள். காய்ந்த பீளையை ஊறாமல் பிய்த்தால் இமை முடியும் தோலும் சேர்ந்து வரும், குழந்தை அடுத்த முறை கிட்டவே விடாது. ஊறிய பிறகு மூக்குப் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக ஒரே இழுப்பில் துடையுங்கள். அந்தப் பஞ்சைப் போட்டுவிட்டு அடுத்ததை எடுங்கள். ஒரு இழுப்புக்கு ஒரு பஞ்சு. ஒரு கண்ணில் பட்டது மறு கண்ணில் படவே கூடாது. ஒரு கண் மட்டும் பாதித்திருந்தால் நன்றாக உள்ள கண்ணை முதலில் துடையுங்கள். முடிந்ததும் மறுபடி கை கழுவுங்கள்.

ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை, தேவைப்பட்டால் அதற்கு மேலும் செய்யலாம். இமையின் உட்புறத்தில் வெள்ளையாக ஏடு போல ஏதாவது ஒட்டியிருந்தால் அதை உரிக்காதீர்கள். உரித்தால் ரத்தம் வரும், தழும்பும் விழலாம். அதை மருத்துவர் எடுப்பார்.

ஒத்தடம்

வைரஸுக்கும் ஒவ்வாமைக்கும் குளிர்ந்த ஒத்தடம்தான் சுகம். கொதித்து ஆறிய நீரைக் குளிர வைத்து, துணியை நனைத்துப் பிழிந்து, மூடிய கண்மேல் 5 முதல் 10 நிமிடம் வையுங்கள். அழுத்த வேண்டாம். நாளுக்கு மூன்று நான்கு முறை போதும். ஐஸைத் துணியில் சுற்றாமல் நேரடியாக வைத்தால் இமைத்தோல் புண்ணாகும், அது உடம்பிலேயே மிக மெல்லிய தோல். இரண்டு கண்ணுக்கும் தனித்தனித் துணி. பயன்படுத்தியதை அதே கிண்ணத்தில் மறுபடி முக்கினால், அந்தக் கிண்ணத்து நீர் முழுவதும் கிருமி.

கெட்டிப் பீளைக்கு மட்டும் வெதுவெதுப்பான ஒத்தடம் உதவும். மணிக்கட்டின் உட்புறத்தில் வைத்துச் சூடு பாருங்கள். வைரஸ் கண்ணுக்குச் சூடு கொடுத்தால் வீக்கம் கூடியதாகத் தோன்றலாம், அப்படித் தோன்றினால் குளிர்ச்சிக்கு மாறிவிடுங்கள்.

செயற்கைக் கண்ணீர்

வீட்டில் வைத்திருக்கத் தகுந்த ஒரே சொட்டு மருந்து இதுதான். கார்பாக்சிமெத்தில் செல்லுலோஸ் 0.5 சதவீதம் போன்றவை மருந்துச் சீட்டில்லாமலே கிடைக்கும். உறுத்தல் குறையும், கிருமியும் அழற்சிப் பொருளும் கழுவப்படும். ஒரு நாளைக்கு நான்கு முறைக்கு மேல் விடுவதாக இருந்தால் பதப்படுத்தும் பொருள் சேர்க்காத வகையாக வாங்குங்கள். அந்தப் பொருளே அடிக்கடி பட்டால் கண்ணை எரிக்கும்.

விடும் முறை: தலையைப் பின்னால் சாய்த்து, கீழிமையை இழுத்து ஒரு சிறு பை போல ஆக்கி, அதில் ஒரே ஒரு சொட்டு. குப்பி முனை இமையிலோ முடியிலோ படக் கூடாது, பட்டால் குப்பி முழுவதும் தொற்றாகிவிடும். பிறகு கண்ணை ஒரு நிமிடம் மெல்ல மூடி, மூக்கோரத்தில் விரலால் லேசாக அழுத்துங்கள். இரண்டு சொட்டு விட்டால் இரட்டிப்புப் பலன் என்று நினைக்க வேண்டாம். ஒரு சொட்டே கண் கொள்ளும் அளவைவிட அதிகம், மீதி கன்னத்தில்தான் வழியும். வேறு மருந்தும் விட வேண்டியிருந்தால் 5 நிமிடம் இடைவெளி விடுங்கள்.

அடம் பிடிக்கும் குழந்தையை மல்லாக்கப் படுக்க வைத்து, கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி, மூக்கோர மூலையில் ஒரு சொட்டு விடுங்கள். கண்ணைத் திறந்ததும் தானாக உள்ளே போய்விடும். மல்லுக்கட்டி இமையைப் பிரிப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

ஆளுக்கு ஒரு குப்பி. குணமானதும் மிச்சத்தைத் தூக்கிப் போடுங்கள்.

காய்ச்சலும் வலியும் இருந்தால்

பாரசிட்டமால் போதும். குழந்தைக்கு அளவு எடையை வைத்துத்தான்: ஒரு வேளைக்கு கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம், 4 முதல் 6 மணி நேர இடைவெளியில், நாளுக்கு நான்கு வேளைக்கு மேல் போகாமல். தவறு நடப்பது சிரப்பில்தான். 5 மில்லியில் 120 மில்லிகிராம் உள்ளதும் கிடைக்கிறது, 250 மில்லிகிராம் உள்ளதும் கிடைக்கிறது. 10 கிலோ குழந்தைக்கு முதல் வகையில் 5 மில்லி சரியான அளவு, இரண்டாம் வகையில் அதே 5 மில்லி இரண்டு மடங்குக்கு அருகில். ஒவ்வொரு முறையும் லேபிளைப் படித்த பிறகே ஊற்றுங்கள். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் நேராக மருத்துவர்தான். பிள்ளைகளுக்கு ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது.

கண்ணுக்குள் போகக் கூடாதவை

தாய்ப்பால், தேன், பன்னீர், விளக்கெண்ணெய், மஞ்சள் நீர், வெங்காயச் சாறு, மூலிகைச் சாறு, ஆறிய தேநீர், சிறுநீர் ஆகிய எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான்: வேண்டாம். இவற்றில் சிலவற்றுக்குக் கிருமியை அடக்கும் குணம் இருக்கலாம், அதை மறுக்கவில்லை. ஆனால் வீங்கிய கண்ணின் மேற்பரப்பு ஏற்கெனவே காயப்பட்டது. கிருமி நீக்காத எதை ஊற்றினாலும், வைரஸோடு பாக்டீரியாவும் பூஞ்சையும் சேர்ந்துகொள்ளும். கருவிழியில் புண் வந்து, அது ஆறும்போது வெள்ளைத் தழும்பு விழுந்தால் பார்வையே மங்கிப்போகும். இரண்டு வாரத்தில் தானாகப் போகிற நோய்க்கு இது மிகப் பெரிய விலை. ஊற்றிய பிறகு குணமானது என்று பலர் சொல்வதும் உண்மைதான். ஊற்றாமல் இருந்தாலும் குணமாகியிருக்கும்.

வீட்டில் கரைத்த உப்பு நீரையும் இமைக்கு வெளியே துடைப்பதோடு நிறுத்துங்கள். உள்ளே கழுவ வேண்டுமானால் கிருமி நீக்கி அடைத்து விற்கும் 0.9 சதவீத சலைன் வாங்குங்கள்.

கடை மருந்தில் இரண்டு ஆபத்துகள். ஒன்று, ஸ்டீராய்டு கலந்த சொட்டு. விட்ட மறுநாளே கண் வெளுத்து, அற்புதமாகத் தோன்றும். ஆனால் உள்ளே இருப்பது ஹெர்ப்பிஸ் வைரஸ் என்றால் கருவிழி அரிக்கப்படும், தொடர்ந்து விட்டால் கண் அழுத்தமும் ஏறும். டெக்ஸாமெத்தசோன், பிரெட்னிசோலோன், பீட்டாமெத்தசோன், ஃபுளூரோமெத்தலோன் என்ற பெயர்கள் குப்பியில் இருக்கிறதா என்று பாருங்கள். போன முறை வாங்கியதில் மிச்சம் இருக்கும் குப்பி பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும். மருத்துவர் பார்த்து எழுதினால் மட்டுமே விடலாம். இரண்டாவது, சிவப்பை மட்டும் போக்கும் சொட்டு. அது ரத்தக் குழாயைச் சுருக்கும், நிறுத்தியதும் முன்பைவிட அதிகமாகச் சிவக்கும்.

ஆன்டிபயாடிக் சொட்டு வைரஸை ஒன்றும் செய்யாது. பாக்டீரியா என்று மருத்துவர் சொன்னால் அதை முழு நாள் கணக்குக்கும் விடுங்கள், கண் வெளுத்ததும் நிறுத்தாதீர்கள்.

வீட்டைக் காப்பது

நோயாளியின் கண்ணைப் பார்த்தால் ஒட்டிக்கொள்ளும் என்பது உண்மையல்ல, கறுப்புக் கண்ணாடி போடுவதும் பரவலைத் தடுக்காது. அது கூச்சத்துக்கு மட்டும்தான். கண்ணில் வடிந்தது விரலுக்குப் போய், விரலிலிருந்து துண்டு, தலையணை, கதவுப் பிடி, ரிமோட், செல்போன் என்று போய், அங்கிருந்து இன்னொருவர் விரலுக்கும், கடைசியில் அவர் கண்ணுக்கும் ஏறுகிறது. அடினோவைரஸ் காய்ந்த பரப்பில் நாள்கணக்கில், சில நேரம் வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும். இருமலிலும் தும்மலிலும் வரலாம்.

அதனால் முதல் நாளே துண்டைப் பிரியுங்கள். வேறு எதைச் செய்யாவிட்டாலும் இதைச் செய்யுங்கள். முகம் துடைக்க நோயாளிக்குத் தனித் துண்டு, அது தொங்கும் கொடியும் தனி. தலையணை உறையைத் தினமும் மாற்றுங்கள். துணிகளை உதறாமல் சுருட்டி எடுத்து, 60 டிகிரி அல்லது அதற்கு மேல் சூடான நீரில் சோப்புடன் துவைத்து நன்றாகக் காயவையுங்கள். நோயாளி தனித் தலையணையில் படுக்கட்டும். சின்னக் குழந்தையோடு படுப்பவர் என்றால் குணமாகும்வரை வேறு இடம் பாருங்கள்.

கைக்கு சோப்பும் ஓடும் நீரும்தான். சானிடைசர் இந்த வைரஸுக்கு அரைகுறை, ஏனென்றால் ஆல்கஹால் எளிதில் கரைக்கும் கொழுப்பு உறை அடினோவைரஸுக்குக் கிடையாது. தண்ணீர் இல்லாத இடத்தில் சமாளிக்கலாம், பழக்கமாக்கிக்கொள்ள வேண்டாம்.

குழாய்ப் பிடி, கதவுப் பிடி, சுவிட்ச், மேசை ஆகியவற்றுக்கு பிளீச் நல்லது. சுமார் 5 சதவீத பிளீச் ஒரு பங்குக்குத் தண்ணீர் ஒன்பது பங்கு. கையுறை போட்டு, சன்னலைத் திறந்துவைத்து, தடவி 10 நிமிடம் ஈரமாகவே விட்டு, பிறகு தண்ணீரில் துடையுங்கள். துடைத்த உடனே காயவிட்டால் வேலை செய்யாது. கரைசலை அன்றன்றைக்குப் புதிதாகக் கலக்குங்கள், வைத்திருந்தால் வீரியம் போய்விடும். கழிவறை கழுவும் அமிலத்தோடோ அம்மோனியா உள்ள திரவத்தோடோ கலந்துவிடாதீர்கள், நச்சு வாயு கிளம்பும். பிளீச்சைக் குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். செல்போனுக்கு பிளீச் ஆகாது, 70 சதவீத ஆல்கஹாலால் துடைத்து, யாரிடமும் கொடுக்காமல் இருப்பதே வழி.

மருந்து போடுவதும் துடைப்பதும் ஒருவரே செய்யட்டும். கண் மை, மஸ்காரா, ஐலைனர் போன்றவற்றை நோய் வரும் முன் பயன்படுத்தியது என்றால் தூக்கிப் போடுங்கள், யாரோடும் பங்கிட வேண்டாம். நீச்சல் குளம் கண் முற்றிலும் தெளியும்வரை வேண்டாம்.

கண் சிவந்து நீர் வடியும்வரை நோய் ஒட்டும். வைரஸ் என்றால் இது 10 முதல் 14 நாள் வரை இருக்கலாம். பாக்டீரியாவுக்கு மருந்து தொடங்கி 24 மணி நேரம் ஆனால் பள்ளிகள் பொதுவாக ஏற்றுக்கொள்ளும், பள்ளியின் விதியைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஒருவருக்கு வந்த பிறகு மற்றவர்களை சுமார் 12 நாள் கவனியுங்கள். அடினோவைரஸ் தொற்றி வெளிப்பட 5 முதல் 12 நாள் ஆகும். நான்கு நாள் யாருக்கும் வரவில்லை என்று துண்டைச் சேர்த்துவிட்டால், பத்தாம் நாள் இன்னொருவர் கண் சிவக்கும்.

நாள் போக்கு

வைரஸ் வகையில் மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாள் வரைதான் உச்சம். அந்த நாட்களில் கூடுகிறதே என்று பயந்து மருந்தை மாற்றிக்கொண்டே இருக்காதீர்கள். இரண்டாவது கண்ணுக்குப் போனால் அது பெரும்பாலும் முதலாவதைவிட லேசாகவே இருக்கும். பாக்டீரியா வகை 7 முதல் 10 நாளில் அடங்க வேண்டும். அதற்குப் பிறகும் பீளை தொடர்ந்தால் மருத்துவரிடம் போங்கள்.

சிவப்பு குறைந்துவரும்போது, இரண்டாம் வாரவாக்கில், வெளிச்சம் புதிதாகக் கூசி, பார்வை லேசாகப் புகைபோலத் தெரிந்தால், கருவிழியில் சிறு சிறு புள்ளிகள் விழுந்திருக்கலாம். கிருமி போன பிறகும் உடம்பின் எதிர்ப்புச் சக்தி விட்டுச்செல்லும் புள்ளிகள் அவை. மாதக்கணக்கில் நீடிக்கக்கூடியவை, கண் மருத்துவரின் கருவியில் மட்டுமே தெரியும். இதற்கு ஸ்டீராய்டு எழுதலாமா வேண்டாமா என்பதை அவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

கான்டாக்ட் லென்ஸை கண் முழுவதும் வெள்ளையாகி, சிகிச்சை முடிந்து குறைந்தது ஒரு நாள் கழித்தே மறுபடி போடுங்கள், அதுவும் புது லென்ஸ், புது டப்பா, புதிதாகத் திறந்த கரைசல். நோய் வந்தபோது கண்ணில் இருந்த லென்ஸையும் அதன் டப்பாவையும் கழுவி வைக்காதீர்கள், எறிந்துவிடுங்கள். லென்ஸும் டப்பாவும் குழாய்த் தண்ணீரில் எப்போதும் படக் கூடாது: அதில் வாழும் அகந்தமீபா என்னும் நுண்ணுயிர் கருவிழிக்குள் புகுந்தால் வெளியேற்ற மாதக்கணக்கில் போராட வேண்டியிருக்கும்.